சிறிய வீட்டுக்குப் பழைய அமெரிக்க மடிப்பு மேசை: பார்த்து வாங்கும் முறை

17ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்தில் குடியேறியவர்களின் வீடுகளில் பெரும்பாலும் ஓரிரண்டு அறைகளே இருந்தன. குளிர்காலத்தில் கணப்பு எரியும் அறையிலேயே சமையல், சாப்பாடு, தையல், உறக்கம் எல்லாம் நடந்தாக வேண்டியிருந்ததால், வேலை முடிந்ததும் சுவரோரம் ஒதுக்கி வைக்கக்கூடிய மேசைகளும் கட்டில்களும் அங்கே தேவைப்பட்டன. இடநெருக்கடி உள்ள இன்றைய வீட்டுக்கும் அவை நன்றாகவே பொருந்துகின்றன. அவற்றுள் ஒன்றை மட்டும் வாங்க முடியுமென்றால், தயங்காமல் மடிப்பு மேசையையே தேர்ந்தெடுங்கள்.

மடிப்பு மேசையில் குறுகிய நடுப்பலகையின் இருபுறமும் இரண்டு பலகைகள் கீலில் தொங்கும். கேட்லெக் வகையில் சட்டத்தோடு கூடிய கால் கதவைப்போல் வெளியே திறந்து, தூக்கிய பலகையைத் தாங்கும். பட்டர்ஃபிளை வகையில் சிறகு வடிவத் துண்டு அந்த வேலையைச் செய்யும். கேட்லெக் பார்க்க அழகுதான், ஆனால் கால்கள் அதிகம் என்பதால் உட்காருவோரின் முழங்கால் இடிக்கும். தினமும் சாப்பிடுவதற்கென்றால், 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பரவிய, நான்கு கால்களில் இரண்டு மட்டும் சுழன்று திறக்கும் வகையே வசதியானது.

கடைக்குப் போகுமுன் மேசை நிற்கப்போகும் இடத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மடித்த நிலைக்கு ஓர் அளவும் விரித்த நிலைக்கு ஓர் அளவும் வேண்டும். விரித்த மேசையைச் சுற்றி நாற்காலியைப் பின்னுக்கு இழுக்கச் சுமார் 75 செ.மீ. இடம் இருக்க வேண்டும், ஒருவர் உட்கார மேசை விளிம்பில் 60 செ.மீ. தேவை.

மேசை உண்மையிலேயே பழையதா என்பதை அதன் அடிப்பக்கமே சொல்லும். 1876இல் பிலடெல்ஃபியாவில் நடந்த அமெரிக்க சுதந்திர நூற்றாண்டுக் கண்காட்சிக்குப் பின் பழைய பாணியில் ஆர்வம் பெருகி, நகல்கள் ஏராளமாகச் செய்யப்பட்டன. ஆகவே மேற்புற மெருகை மட்டும் பார்த்து விலை பேசிவிடக் கூடாது. பலகையைத் தூக்கி, டார்ச் வெளிச்சத்தில் அதன் அடியைப் பாருங்கள். பல தலைமுறைகளாகக் கால் திறந்து மூடப்பட்டிருந்தால், அது உரசிய வழி வில்போல் வளைந்த தேய்மானமாகத் தெரியும்; அந்தத் தடம் காலின் இயக்கத்தோடு ஒத்துப்போகாவிட்டால், பலகையோ காலோ வேறொரு மேசையிலிருந்து வந்திருக்கக்கூடும். மரம் இழைக்குக் குறுக்கேதான் அதிகம் சுருங்கும் என்பதால், வட்ட மேசையை இரு திசையிலும் அளந்தால் குறுக்களவு சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். கச்சிதமான வட்டம் சந்தேகத்துக்குரியது. அடிப்பலகையில் வளைந்த ரம்பத் தடங்கள் தெரிந்தால், அது வட்ட ரம்பத்தின் வேலை. அமெரிக்காவில் அந்த ரம்பம் பரவலானது சுமார் 1830க்குப் பிறகே. கீலின் ஸ்குரூ ஒன்றைக் கடைக்காரரின் அனுமதியோடு கழற்றிப் பார்ப்பதும் பயனுள்ளது: 1840களுக்கு முந்தைய ஸ்குரூவின் முனை மழுங்கியிருக்கும். பிற்காலத்தில் கீல் மாற்றப்பட்டிருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம், ஆனால் அதற்காக நல்ல மேசையை விட்டுவிட வேண்டியதில்லை.

மேசை அமைந்த பிறகும் இடம் இருந்தால், பெரிய கட்டிலின் அடியில் உருட்டித் தள்ளிவிடும் ட்ரண்டில் கட்டிலையும், மேற்பலகையை நிமிர்த்தினால் முதுகுச் சாய்வாக மாறும் நாற்காலி மேசையையும் தேடலாம். பழைய ட்ரண்டில் கட்டிலுக்கு இன்றைய மெத்தை அளவு பொருந்தாது என்பதால், மெத்தையைத் தனியாகத் தைக்கச் சொல்ல வேண்டியிருக்கும்.

வாங்கிய மேசையின் பழைய மெருகைச் சுரண்டி எடுக்காதீர்கள், அதன் மதிப்பில் பெரும்பங்கு அந்த மேற்பூச்சில்தான் இருக்கிறது. ஹீட்டருக்கு அருகில் வைத்தால் பலகை வளைந்து வெடிக்கும். வீட்டுக்குக் கொண்டுவரும்போது மடிப்புப் பலகைகளைத் துணியால் கட்டிவிட்டு, நடுப்பலகைக்கு அடியிலுள்ள சட்டத்தைப் பிடித்து இருவராகத் தூக்குங்கள். தொங்கும் பலகையைப் பிடித்துத் தூக்கினால், மேசையின் முழு எடையும் கீலில் இறங்கி, பழைய மரத்திலிருந்து ஸ்குரூக்கள் பிய்ந்து வந்துவிடும்.