கர்நாடக இசையோடு கதையை மேடையேற்றுவது எப்படி?

கதை சொல்லும் மேடையில் கர்நாடக இசைக்குழுவைப் பின்னணிக்காக மட்டும் அமர்த்தினால், பேச்சும் பாட்டும் தனித்தனியே பிரிந்து நிற்கும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் மராத்திக் கீர்த்தன மரபிலிருந்து எடுத்து வளர்த்த, பாட்டோடு கதை சொல்லும் கதாகாலட்சேபத்தில், கதை சொல்பவரே பாடகராகவும் இருந்ததால் இந்தப் பிளவுக்கு இடமில்லாமல் போயிற்று. இன்று நம் சிங்கப்பூர் மேடைகளில் நடிகர் ஒருவர், பாடகர் வேறொருவர் என்றிருப்பதால், இருவரையும் இணைக்கும் வேலையைச் பாட்டுக்கு ஆதாரமான ஒலிநிலையாகிய சுருதியிலிருந்தே தொடங்க வேண்டும்.

நடிகர் பாட வேண்டியதில்லை. ஆனால் தம்பூரா ஒலிக்கும்போது தம் குரல் ஆதார சட்ஜத்திலோ (ச) பஞ்சமத்திலோ (ப) வந்து இளைப்பாறும்படி பேசப் பழக வேண்டும். பாடகி 5 கட்டை என்னும் உயர்ந்த சுருதியிலும் நடிகர் கனத்த ஆண் குரலிலும் இருந்தால் இது எளிதில் கைகூடாது என்பதால், முதல் சில ஒத்திகைகளில் மற்ற வாத்தியங்களை ஒதுக்கிவிட்டுத் தம்பூராவோடு மட்டும் வசனத்தைப் படிக்கச் செய்யுங்கள்.

அடுத்து, பேச்சு எங்கே நின்று பாட்டு எங்கே பிறக்கிறது என்பதைப் பிரதியிலேயே குறித்துக்கொள்ளுங்கள். கோயிலுக்குள் நுழைய முடியாத நந்தனார் சிவனைக் காண, திருப்புன்கூரில் நந்தி விலகும் கட்டத்தை எடுத்துக்கொள்வோம். வாசலில் நிற்கும் நந்தனாரின் ஏக்கத்தை நாதநாமக்கிரியா ராகத்தைப் பாடல் வரிகளின்றி விரிக்கும் ஆலாபனையின் இடைவெளிகளில் நடிகர் சொல்லட்டும். நந்தி விலகும் கணத்தில் வயலினும் ஓய்ந்து, தம்பூரா மட்டும் ஒலிக்க, "விலகியது" என்ற ஒற்றைச் சொல்லை அவர் மெல்லச் சொல்லி முடித்த பிறகே பாடகி பல்லவியை எடுக்கட்டும். ஆலாபனையின்மீது பேசலாம், ஆனால் பாடல் வரிகளான சாகித்தியத்தின்மீது பேசவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. இரண்டு சொற்கள் ஒரே நேரத்தில் காதில் விழுந்தால் இரண்டுமே வீணாகும்.

மிருதங்கக் கலைஞர் நடிகரின் முகத்தைப் பார்க்கும்படி குழுவை மேடையின் ஓரத்தில் சற்றே சாய்வாக அமர்த்துங்கள். கோர்வை என்னும் தாளக் கோப்பு முடிந்து, தாளச் சுற்றின் முதல் அடியான சமம் விழும் இடத்தில் நடிகரின் பாதமும் விழ வேண்டுமானால் இருவரின் கண்களும் சந்தித்தாக வேண்டும்.

தமிழ் அறியாதவர்களும் வருவார்கள் என்பதால் திரையில் மொழிபெயர்ப்பு தேவைப்படும். ஒரே வரி சங்கதி சங்கதியாக, அதாவது மெட்டு சிறிது சிறிதாக மாறி, விரியும்போது மொழிபெயர்ப்பை மாற்றாமல் அப்படியே விடுங்கள். பொது நிகழ்ச்சிக்கான கலை உரிமத்துக்கு முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள்.

நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் தளர்ந்திருக்கும் மிருதங்கத் தோல், குளிரூட்டிய அரங்குக்குள் வந்ததும் இறுகிச் சுருதி ஏறும். ஆகவே வாத்தியத்தை ஒரு மணி நேரம் முன்பே மேடையில் வைத்துவிடுங்கள். மிருதங்கத்தின் தாழ்ந்த ஒலி தரும் பக்கமான தொப்பியில் பூசிய ரவையும் அங்கே விரைவில் உலரும் என்பதால், பிசைந்த ரவை கொஞ்சமும் ஈரத்துணி ஒன்றும் கலைஞரின் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.