கண் முகாமும் கல்வி உதவியும்: சிறிய அறநிறுவனங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் தமிழர்கள் நடத்தும் சிறிய தொண்டு அமைப்புகளுக்குப் பஞ்சமில்லை. ஊர்ச் சங்கம், முன்னாள் மாணவர் சங்கம், கோயிலை ஒட்டிய குழு, சமூக மன்றத்தில் மாதம் ஒருமுறை கூடும் பத்துப் பதினைந்து பேர் என்று பல வடிவங்கள். அவற்றில் சில, மூத்தோருக்குக் கண் பரிசோதனையும் படிப்பைத் தொடர விரும்பும் பெரியவர்களுக்கு உபகாரச் சம்பளமும் கொடுக்க முன்வருகின்றன. இரண்டுமே மிக நல்ல பணிகள். மனம் இருக்கிறது, பணமும் ஓரளவு சேருகிறது. ஆனால் முகாம் முடிந்த மறுவாரம் என்ன நடந்தது, காசோலை கொடுத்த மூன்றாம் மாதம் என்ன நடந்தது என்று பார்ப்பவர்கள் குறைவு. பெரும்பாலான தவறுகள் அந்த இடைவெளியில்தான் நடக்கின்றன.

எத்தனை பேர் வந்தார்கள் என்று மட்டும் எண்ணுவது

முகாமுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதுதான் வழக்கமாக முதலில் பேசப்படும். வந்தவர்களில் எத்தனை பேருக்குக் கோளாறு இருந்தது, அவர்களில் எத்தனை பேர் பிறகு மருத்துவரைப் பார்த்தார்கள் என்பதே உண்மையான கணக்கு.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை இதை வெகு காலத்துக்கு முன்பே கற்றுக்கொண்டது. 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கியது அது. கிராம முகாமில் கண்புரையைக் கண்டுபிடித்து, ‘மருத்துவமனைக்கு வாருங்கள், அறுவை சிகிச்சை இலவசம்’ என்று சொல்லி அனுப்பியபோது பலர் வரவே இல்லை. பேருந்துக் கட்டணம், சாப்பாடு, துணைக்கு ஆள், போய்விடும் ஒருநாள் கூலி, பயம் என்று ஆளுக்கொரு தடை. அதனால் முகாமிலிருந்தே வண்டியில் அழைத்துப்போய், உணவும் இடமும் கொடுத்து, சிகிச்சை முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடும் ஏற்பாடு வந்தது. சிகிச்சை இலவசம் என்பது மட்டும் போதவில்லை.

இங்கே சிங்கப்பூரில் தடைகள் வேறு. கடிதம் ஆங்கிலத்தில் இருக்கும். சந்திப்பு நாள் தள்ளிப்போகும். அழைத்துப்போக மகனுக்கு விடுப்பு கிடைக்காது. பில் எவ்வளவு வருமோ என்ற கவலை எல்லாவற்றுக்கும் மேல். அதனால் முகாமிலேயே தமிழில் உட்கார்ந்து பேச ஒருவர் வேண்டும். நிபுணரிடம் நேராகப் போனால் முழுக் கட்டணம். பலதுறை மருந்தகத்தின் (பாலிகிளினிக்) வழியாகப் பரிந்துரை பெற்று அரசு மருத்துவமனைக்குப் போனால் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மானியம் உண்டு; சாஸ் என்ற அரசு மானியத் திட்டத்தின் அட்டை உள்ள குடிமக்கள் அத்திட்டத்தில் சேர்ந்த தனியார் மருந்தகத்தின் வழியாகவும் போகலாம். இதை விளக்காமல் ஒரு சீட்டை மட்டும் கையில் கொடுப்பது பெரிய தவறு. கண்புரை அறுவை சிகிச்சைக்கு மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கின் பணத்தைப் பயன்படுத்தலாம், மெடிஷீல்டு லைஃப் காப்புறுதியும் கைகொடுக்கும், அதற்குப் பிறகும் கட்ட முடியாத குடிமக்களுக்கு மெடிஃபண்ட் என்ற அரசு உதவி நிதி இருக்கிறது, மருத்துவமனையின் சமூக சேவகரிடம் பேசலாம் என்பதையும் சொல்லி அனுப்புங்கள். கண்மணியை விரிக்கும் மருந்து விட்டால் சில மணி நேரத்துக்குப் பார்வை மங்கும், தனியாகப் போகவேண்டாம் என்பதையும் சொல்லவேண்டும். துணைக்கு ஆள் இல்லாதவருடன் ஒரு தொண்டூழியர் போகலாம். என்னைக் கேட்டால், இன்னொரு முகாம் நடத்துவதைவிட இப்படிக் கூடப் போவது பெரிய உதவி.

இரண்டு வாரம் கழித்து ஒரு தொலைபேசி அழைப்பு. “அம்மா, டாக்டரைப் பார்த்தீங்களா?” என்று கேட்பதற்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை.

‘கண் நல்லா இருக்கு’ என்று சொல்லி அனுப்புவது

எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் படித்துவிட்டால் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். நம் சமூகத்தில் இது குறிப்பாக ஆபத்தானது. 2010ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் சிங்கப்பூர் இந்தியர்களிடையே நீரிழிவு 17.2 விழுக்காடு, சீனர்களிடையே 9.7. நீரிழிவு விழித்திரையைப் பாதிக்கத் தொடங்கும் காலத்தில் வலி இருக்காது, பார்வையும் குறையாது. பார்வை மங்குவது தெரியும்போது பாதிப்பு பெரும்பாலும் முற்றியிருக்கும். விழித்திரையைப் படமெடுத்துப் பார்த்தால்தான் முன்கூட்டியே தெரியும். பலதுறை மருந்தகங்களில் எடுக்கும் அந்தப் படங்களை ஒரு மையத்துக்கு அனுப்பி, பயிற்சி பெற்றவர்கள் பார்த்துச் சொல்லும் திட்டம் சிங்கப்பூரில் நடைமுறையில் இருக்கிறது. ஆகவே முகாமுக்கு வரும் ஒவ்வொருவரிடமும் முதலில் கேட்கவேண்டியது: சர்க்கரை இருக்கிறதா? விழித்திரைப் படம் கடைசியாக எப்போது எடுத்தீர்கள்?

கண் அழுத்த நோயும் அப்படித்தான். கிளாக்கோமா என்று மருத்துவர்கள் சொல்வார்கள். அழுத்தத்தை அளந்தோம், சரியாக இருக்கிறது என்று விட்டுவிட முடியாது. அழுத்தம் இயல்பாக இருக்கும்போதே நரம்பு பாதிக்கப்படுகிறவர்கள் உண்டு. ‘இன்று நாங்கள் பார்த்தது இதுவும் இதுவும்தான், மற்றதை மருத்துவரிடம் பாருங்கள்’ என்று எழுதிக்கொடுப்பதே நேர்மை. பொய்யான நிம்மதி கொடுத்து அனுப்பினால், அவர் அடுத்த சில ஆண்டுகளுக்கு எந்த மருத்துவரிடமும் போகமாட்டார்.

யார் பரிசோதிக்கிறார்கள் என்பதும் முக்கியம். கண் பரிசோதகர்களும் கண்ணாடிக் கலைஞர்களும் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றிருக்கவேண்டும். தொண்டூழியர் பலகையைப் பிடிக்கலாம், வரிசையை ஒழுங்குபடுத்தலாம், மொழிபெயர்க்கலாம். கண்ணாடியின் பவரைத் தீர்மானிக்கக்கூடாது.

பழைய கண்ணாடிகளைப் பெட்டி வைத்துச் சேகரிப்பதையும் மறுபடி யோசித்துப் பாருங்கள். கொடுப்பவருக்கு மனநிறைவு கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஒருவருக்கென்று அளந்து செய்த பவர் இன்னொருவரின் இரண்டு கண்ணுக்கும் பொருந்துவது அபூர்வம். தரம் பிரித்து, துடைத்து, அளந்து பார்த்த பிறகு பெரும்பகுதி குப்பைக்குத்தான் போகும். அந்த உழைப்புக்கும் இடத்துக்கும் ஆகும் பணத்தில் புதிய கண்ணாடியே வாங்கிவிடலாம்.

கண்ணையும் படிப்பையும் தனித்தனியாக நடத்துவது

ஒரே அமைப்புதான். ஆனால் கண் பணிக்கு ஒரு குழு, கல்விக்கு ஒரு குழு, இரண்டும் பேசிக்கொள்வதே இல்லை. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்தத் தவறுதான்.

நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வந்தே தீரும். அந்த வயதில்தான் நம் உதவி பெறும் பலர் மறுபடி வகுப்பில் உட்காருகிறார்கள். பகலில் வேலை, இரவு ஏழு மணிக்கு வகுப்பு, கைப்பேசித் திரையில் பாடக்குறிப்பு. எழுத்து கலங்கும், தலை வலிக்கும். ‘எனக்கு இனிமே படிப்பு ஏறாது’ என்று அவர்களே முடிவுகட்டி நின்றுவிடுகிறார்கள். குறை மூளையில் இல்லை. கிட்டப் பார்ப்பதற்கு ஒரு கண்ணாடி போதும். அசாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதைத் தாண்டிய 751 பேரிடம் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2018இல் வெளியானது. கிட்டப்பார்வைக் கண்ணாடி கொடுத்தவர்களின் உற்பத்தி, கொடுக்காதவர்களைவிட 21.7 விழுக்காடு கூடுதலாக உயர்ந்தது. இலை பறிக்கும் வேலைக்கே அப்படி என்றால், அச்செழுத்தைப் படிக்கும் வேலைக்குச் சொல்லவேண்டுமா?

உபகாரச் சம்பளத்துக்குத் தேர்வானவர் எல்லாருக்கும் வகுப்பு தொடங்கும் முன்பே ஒரு கண் பரிசோதனை ஏற்பாடு செய்யுங்கள். கண் முகாமுக்கு வருகிறவர்களிடம் படிப்பு உதவி பற்றிய ஒரு தாளையும் கொடுங்கள். பெரிய எழுத்தில் அச்சடித்த தாளாக இருக்கட்டும்.

பிள்ளைகளுக்கான விதிகளைப் பெரியவர்களுக்குப் பயன்படுத்துவது

பள்ளிப் பிள்ளைகளுக்குத் தயாரித்த விண்ணப்பத்தை அப்படியே எடுத்து, வயதை மட்டும் மாற்றிக் கொடுக்கிறார்கள். கடைசித் தேர்வின் மதிப்பெண், ஆசிரியரின் நற்சான்று, ‘என் எதிர்கால இலட்சியம்’ என்று ஒரு பக்கக் கட்டுரை. துப்புரவு வேலை பார்க்கும் 48 வயதுப் பெண் இருபது ஆண்டுக்கு முந்தைய மதிப்பெண் சான்றிதழை எங்கே தேடுவார்? அவரிடம் கேட்கவேண்டியது வேறு: எந்த நேர வேலை? வீட்டில் யாரைப் பார்த்துக்கொள்ளவேண்டும்? வகுப்புக்கு எப்படிப் போவீர்கள்?

பட்டயம், பட்டம் என்று மேலே மட்டும் பார்ப்பதும் சரியில்லை. பலருக்கு முதல் தேவை அடிப்படை ஆங்கிலமும் கணக்கும். அதற்கு உதவி கிடையாது என்று விதி எழுதினால், மிகவும் தேவைப்படுகிறவரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறோம்.

அடுத்தது, அரசாங்கம் ஏற்கெனவே கொடுப்பதற்கு மறுபடி பணம் கொடுப்பது. 25 வயதும் அதற்கு மேலும் உள்ள குடிமக்களுக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற அரசுப் பயிற்சி உதவித் திட்டத்தின் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) 2016இல் வந்தது. 40 வயதும் அதற்கு மேலும் உள்ள குடிமக்களுக்கு 2024 மே மாதத்தில் கூடுதலாக 4,000 வெள்ளி வந்தது; அதைக் குறிப்பிட்ட சில பயிற்சிகளுக்கு மட்டும்தான் பயன்படுத்த முடியும். பல பயிற்சிகளுக்குக் கட்டண மானியமும் தனியாக உண்டு. விண்ணப்பதாரருடன் உட்கார்ந்து முதலில் இவற்றைச் சரிபாருங்கள். சிண்டாவிலும் கேட்கச் சொல்லுங்கள். 1991 முதல் இந்தியச் சமூகத்துக்காகவே இயங்கும் அமைப்பு அது. அப்புறம், யாரும் கொடுக்காததை நீங்கள் கொடுங்கள். போக்குவரத்து, தேர்வுக் கட்டணம், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள், வகுப்புக்காக வேலையை விட்டால் குறையும் வருமானம், குடியுரிமை இல்லாததால் மேலே சொன்ன தொகை கிடைக்காத நிரந்தரவாசியின் கட்டணம். சிறிய அமைப்பின் பணம் இங்கேதான் பெரிதாக வேலை செய்யும்.

மொத்தப் பணத்தையும் மேடையில் ஒரே காசோலையாகக் கொடுப்பதைத் தவிர்க்கலாம். கட்டணத்தைக் கல்வி நிலையத்துக்கே நேராகக் கட்டுங்கள், மற்றதை மாதாமாதம் கொடுங்கள். தனியார் பள்ளி என்றால் அது பதிவு பெற்றதா என்று முதலில் பாருங்கள். மாதம் ஒருமுறை பணம் போகும்போது மாதம் ஒருமுறை பேச்சும் நடக்கும். தடுமாற்றம் அப்போதே தெரிந்துவிடும்.

பெரிய அட்டைக் காசோலையைப் பிடித்தபடி படம் எடுக்கும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். வளர்ந்த மனிதர்கள் அவர்கள். சக ஊழியரும் சம்பந்தியும் பார்க்கும் இடத்தில் ‘உதவி பெற்றவர்’ என்று நிற்பதற்குப் பயந்து விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிறவர்கள் உண்டு. அடையாள அட்டையைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது அதைவிட மோசம். சட்டப்படி தேவைப்பட்டால் அல்லது ஒருவரின் அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டியிருந்தால் தவிர, அடையாள அட்டை எண்ணை அமைப்புகள் வாங்கக்கூடாது என்பது 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள வழிகாட்டுதல்.

தேர்வுக் குழுவில் இருப்பவரின் உறவினர் விண்ணப்பித்தால், அந்தக் குழு உறுப்பினர் அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியே போகவேண்டும். அது குறிப்பேட்டிலும் பதிவாகவேண்டும். நம் வட்டம் சிறியது, எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள். அதனாலேயே இது கட்டாயம்.

வெளிநாட்டு ஊழியர்களை ஒரே வரிசையில் சேர்ப்பது

வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் தம்பிகளுக்குப் பலதுறை மருந்தகத்தில் மானியம் கிடையாது. குடிமக்களுக்குக் கொடுக்கும் அதே சீட்டை அவர்களுக்கும் கொடுத்தால் அது வெறும் தாள். முதலாளி அவர்களுக்கு மருத்துவக் காப்புறுதி எடுத்திருக்கவேண்டும். மருத்துவமனைச் சிகிச்சைக்கும் பகல்நேர அறுவை சிகிச்சைக்குமான குறைந்தபட்ச வரம்பு 2023 ஜூலை முதல் ஆண்டுக்கு 60,000 வெள்ளி. வேலையிடத்தில் இரும்புத் தூளோ சிமெண்ட்டோ கண்ணில் பட்டிருந்தால் அது வேலைக் காயம், அதற்கு இழப்பீட்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. இதைத் தெரிந்த ஒருவர் முகாமில் இருக்கவேண்டும். பரிசோதனை முடிவை அவர்கள் சம்மதம் இல்லாமல் முதலாளிக்கு அனுப்பாதீர்கள். ‘கண் சரியில்லை’ என்று ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் அவர்களுக்கு இருக்கிறது. முகாமை ஞாயிற்றுக்கிழமை வைப்பது பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

பணமும் சட்டமும்

நல்ல காரியத்துக்குத்தானே, யார் கேட்கப்போகிறார்கள் என்ற நினைப்பு வேண்டாம். வீடு வீடாகவோ தெருவிலோ வசூலிக்க உரிமம் வேண்டும். வெளிநாட்டுத் தொண்டுக்காக இங்கே பொதுமக்களிடம் பணம் திரட்டவும் முன்அனுமதி வேண்டும். சொந்த ஊரில் கண் முகாம் நடத்தலாம் என்ற ஆசை நம் சங்கங்களில் அடிக்கடி எழும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். அப்படித் திரட்டிய நிகரத் தொகையில் குறைந்தது 80 விழுக்காட்டைச் சிங்கப்பூரிலேயே செலவிடவேண்டும் என்பது பொது விதி. தளர்வு வேண்டுமானால் அறநிறுவன ஆணையரிடம்தான் கேட்கவேண்டும். ரசீது இல்லாமல் ஊருக்குப் போகிறவர் கையில் பணம் கொடுத்தனுப்புவது எந்த வகையிலும் சரியல்ல.

‘எங்களுக்குக் கொடுத்தால் வரிக்கழிவு உண்டு’ என்று எல்லா அறநிறுவனமும் சொல்லிவிட முடியாது. 250 விழுக்காட்டுக் கழிவு, ஐபிசி என்ற பொதுநல அமைப்புத் தகுதி பெற்றவற்றுக்குக் கொடுக்கும் தகுந்த நன்கொடைகளுக்குத்தான். அந்தத் தகுதிக்குப் பொதுவாக இன, சமய வேறுபாடில்லாமல் சிங்கப்பூர்ச் சமூகம் முழுவதற்கும் பயன்படும் பணியாக இருக்கவேண்டும். ‘நம் ஆட்களுக்கு மட்டும்’ என்று விதி எழுதும் முன் இதை யோசியுங்கள். ஐபிசி அமைப்புகள் நிதி திரட்டும் செலவும் திரண்ட தொகையில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. ஓட்டல் விருந்து வைத்து நிதி திரட்டுகிறவர்கள் இந்தக் கணக்கை விருந்துக்கு முன்பே போடவேண்டும்.

ஆண்டறிக்கையில் மாலை மரியாதைப் படங்களைக் குறைத்து நான்கு எண்களைப் போடுங்கள்: மருத்துவரிடம் அனுப்பியவர் எத்தனை பேர், போனவர் எத்தனை பேர், படிக்க உதவி பெற்றவர் எத்தனை பேர், முடித்தவர் எத்தனை பேர். போகாதவரும் முடிக்காதவரும் சொன்ன காரணத்தைப் பெயர் இல்லாமல் ஆளுக்கு ஒரு வரி எழுதுங்கள். அடுத்த ஆண்டு வரவுசெலவைப் போட உட்காரும்போது பொருளாளர் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திறக்கவேண்டும்.