நெடுந்தூரச் சவால் நடையை நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குறிப்பிட்ட நேரத்துக்குள் 40, 50 அல்லது 100 கிலோமீட்டரை நடந்து முடிக்கும் சவால் நடையைத் திட்டமிடுவோரின் கவனம் பெரும்பாலும் பாதையின் அழகிலும், பதிவு எண்ணிக்கையிலும், முடிவில் தரப்போகும் சான்றிதழிலும்தான் இருக்கிறது. அவற்றைக் குறை சொல்ல முடியாது. ஆனால், நடை தொடங்கியபின் நடத்துநரின் தலையாய பொறுப்பை ஒரே கேள்வியில் அடக்கிவிடலாம்: இந்த நிமிடத்தில் எத்தனை பேர் இன்னும் பாதையில் இருக்கிறார்கள், எந்த இரண்டு செக்பாயிண்ட்டுகளுக்கு இடையே இருக்கிறார்கள்? (செக்பாயிண்ட் என்பது, நடப்பவர் ஒவ்வொருவரின் எண்ணையும் குறித்துக்கொண்டு தண்ணீர் தரும் வழி நிலையம்.) இதற்கு உடனே விடை சொல்ல முடியாத ஏற்பாட்டில், மற்ற எல்லாம் சிறப்பாக அமைந்தாலும் பயனில்லை. கீழே சொல்லப்படும் தவறுகளில் பலவும் இந்த ஒரு கேள்வியில் வந்து முட்டுபவைதான்.

முதல் தவறு தொடக்கக் கோட்டிலேயே நிகழ்கிறது. பதிவு செய்தவர்களின் பட்டியலையே நடப்பவர்களின் பட்டியலாக எடுத்துக்கொள்கிறார்கள். பதிவு செய்தவர்கள் 200 பேர், காலையில் வந்து கிளம்பியவர்கள் 187 பேர் என்றால், அந்த நாள் முழுவதற்கும் அடிப்படை எண் 187. வராத 13 பேரின் எண்களை உடனே அடித்துவிட்டு, அந்தப் பட்டியலை எல்லா செக்பாயிண்ட்டுகளுக்கும் அனுப்பிவிட வேண்டும். இதைச் செய்யாவிட்டால், வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பவரை மாலையில் மலைச்சரிவில் தேட நேரிடும். உண்மையில் காணாமல் போனவர் அந்தப் பதின்மூன்று பேருக்கிடையே மறைந்துபோவார்.

அடுத்தது, செக்பாயிண்ட்டில் எண் குறிப்பவரிடமே தண்ணீர் ஊற்றும் வேலையையும் ஒப்படைப்பது. முதல் செக்பாயிண்ட்டில் நடப்பவர்கள் இன்னும் பிரிந்து பரவியிருக்க மாட்டார்கள். இருபது பேர் ஒரே கூட்டமாக வந்து மேசையைச் சூழ்ந்துகொள்வார்கள். ஒருவர் குடுவையை நீட்டுவார், இன்னொருவர் அடுத்த திருப்பம் எங்கே என்று கேட்பார், மூன்றாமவர் எண் அட்டையின் மேல் மழைச்சட்டையைப் போட்டிருப்பார். இந்த நெரிசலில் இரண்டு எண்கள் விடுபடுவது இயல்பு. எண் குறிப்பவர்கள் தண்ணீர் மேசைக்குப் பத்துப் பதினைந்து அடி முன்பாகவே, பாதை குறுகும் இடத்தில் நிற்க வேண்டும்; ஒருவர் எண்ணை உரக்கப் படிக்க, மற்றவர் நேரத்துடன் எழுத வேண்டும். அந்த இருவருக்கும் வேறு எந்த வேலையும் தரக் கூடாது.

பாதியில் விலகுபவர்கள் பற்றியும் சொல்ல வேண்டும். கால் கொப்புளத்தோடு சாலையோரம் வரும் ஒருவர், உறவினரைத் தொலைபேசியில் அழைத்து வண்டியில் ஏறிப் போய்விடுகிறார். அவரைப் பொறுத்தவரை நடை முடிந்துவிட்டது; ஏற்பாட்டாளர்களுக்கோ அவர் இன்னும் பாதையில் இருக்கிறார். எண் அட்டையை ஒரு தன்னார்வலரின் கையில் ஒப்படைக்காமல், அதற்கு வழியில்லையென்றால் அட்டையில் அச்சிட்ட எண்ணுக்கு அழைத்துச் சொல்லாமல், யாரும் விலகக் கூடாது என்பதைப் பதிவின்போதும் புறப்படும்போதும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

நேரக் கணக்கில் நேரும் பிழை வேறு வகையானது. செக்பாயிண்ட் எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்பதை உத்தேசமாக முடிவு செய்கிறார்கள். காலை 6 மணிக்குக் கிளம்பும் நடையில் வேகமானவர் மணிக்கு 6.5 கிலோமீட்டரும், மெதுவானவர் 4 கிலோமீட்டரும் நடப்பதாக வைத்துக்கொள்வோம். பத்தாவது கிலோமீட்டரில் முதலாமவர் ஏறத்தாழ 7.30 மணிக்கும், கடைசியானவர் 8.30 மணிக்கும் வருவார்கள்; இடைவெளி ஒரு மணி நேரம். நாற்பதாவது கிலோமீட்டரில் முதலாமவர் பகல் 12 மணியைச் சற்றே தாண்டி வந்துவிடுவார். கடைசியானவர் வர மாலை 4 மணி ஆகும். அதாவது, முதல் செக்பாயிண்ட்டுக்கு ஒரு குழு போதும், பின்னால் உள்ளவற்றுக்கு இரண்டு குழுக்கள் மாற்றி மாற்றி வர வேண்டும். ஏற்றத்தையும் சேர்த்தாக வேண்டும். ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் வகுத்த விதி இன்றும் நல்ல தொடக்கம்: 3 மைலுக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம், நம் அளவில் ஏறத்தாழ 5 கிலோமீட்டரும் 600 மீட்டரும். இதில் ஓய்வும் களைப்பும் சேரவில்லை என்பதை மறக்கக் கூடாது. மேலே சொன்ன கடைசி நபர், வழியில் 600 மீட்டர் ஏறி, அங்கங்கே உட்கார்ந்து எழுந்தால், நாற்பதாவது கிலோமீட்டருக்கு வரும்போது பொழுது சாய்ந்திருக்கும். கைவிளக்கு கட்டாயமா இல்லையா என்பது இந்தக் கணக்கிலிருந்துதான் தெரிய வேண்டும்.

தன்னார்வலர்களை நடத்தும் விதத்தில்தான் மிகுதியான தவறுகள் நடக்கின்றன என்பது என் உறுதியான எண்ணம். அவர்கள் ஊதியமின்றி வருபவர்கள் என்பதாலேயே, கிடைத்த ஆளைக் கிடைத்த இடத்தில் நிறுத்திவிடலாம் என்ற மனப்பான்மை வந்துவிடுகிறது. அதிகாலை 4 மணிக்கு மேசை நாற்காலிகளை இறக்கியவரே நள்ளிரவில் கடைசி நடையாளருக்குத் தேநீர் ஊற்றி, அதன்பின் தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு வீடு திரும்புவார். அந்த நாளின் மிகப் பெரிய ஆபத்து அந்தப் பயணமாகவே இருக்கக்கூடும். பணிநேரப் பட்டியல் எழுதும்போது வீடு திரும்பும் நேரத்தையும் பணியாகவே கணக்கிட வேண்டும். நடப்பவர்களுக்கு உணவு வரிசையாக இருக்க, ஆள் நடமாட்டமில்லாத சந்திப்பில் ஆறு மணி நேரம் நிற்பவருக்குச் சாப்பாடும் நிழலும் கழிப்பறை போய்வர மாற்றாளும் இல்லாமல் போவதும் அடிக்கடி நடப்பதே.

அதைவிட ஆழமான குறை, அவர்களுக்கு என்ன அதிகாரம் உண்டு என்று சொல்லாமல் விடுவது. தள்ளாடியபடி வந்து, கேட்ட கேள்விக்குப் பொருந்தாத பதில் சொல்லும் ஒருவரை நிறுத்தலாமா? மூடும் நேரத்துக்கு ஐந்து நிமிடம் தாமதமாக வந்து கெஞ்சுபவரை விடலாமா? இந்தக் கேள்விகளைச் செக்பாயிண்ட்டில் நிற்கும் இருபது வயது இளைஞர் அந்த நொடியில் தானாகத் தீர்மானிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல. செக்பாயிண்ட் பொறுப்பாளரின் முடிவே இறுதியானது என்பதையும், எந்தெந்த நிலையில் ஒருவரைக் கட்டாயம் நிறுத்த வேண்டும் என்பதையும் ஒரே தாளில் எழுதி, தன்னார்வலர்களுக்கும் நடப்பவர்களுக்கும் முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். அதே தாளில், ஆம்புலன்ஸ் அந்த இடத்துக்கு எந்தச் சாலை வழியாக வர முடியும் என்பதும் இருக்கட்டும்.

தன்னார்வலர்களும் நடக்க ஆசைப்படுபவர்களே. பிரிட்டனில் 1972-இல் தொடங்கிய நெடுந்தூர நடையாளர் சங்கத்தில், ஆண்டுதோறும் நடக்கும் 100 மைல் நடைக்குச் சில வாரங்கள் முன்பாகவே, உதவிக்கு நிற்கப்போகிறவர்கள் அதே பாதையில் நடக்க ஏற்பாடு செய்கிறார்கள். இதனால் உழைப்பவர்களுக்கு நடக்கும் வாய்ப்பு பறிபோவதில்லை. பாதைக் குறிப்பிலுள்ள பிழைகளும் முன்னதாகவே வெளிப்பட்டுவிடுகின்றன. பாதையை வகுத்தவரே அதைச் சரிபார்ப்பதில் பயனில்லை, அவர் குறிப்பைப் படிக்காமலே சரியாகத் திரும்பிவிடுவார். அந்தப் பக்கம் ஒருமுறையும் வராத ஒருவரிடம் தாளைக் கொடுத்து, பேசாமல் பின்னால் நடந்து போனால் எந்த வரி குழப்புகிறது என்பது தெரிந்துவிடும். வழிக்குறி நாடாக்களை முந்தின நாள் மாலையில் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குவதும் தவறு. ஆடுமாடுகளோ விளையாட்டுப் பிள்ளைகளோ அவிழ்த்திருக்கலாம், அன்று காலை ஒருவர் முன்னே நடந்து பார்த்தே ஆக வேண்டும். திருப்பத்தில் ஒரு நாடா கட்டினால், திரும்பியபின் முப்பது நாற்பது அடியில் இன்னொன்றும் கட்ட வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் இரண்டு எதிரெதிர் தவறுகள் உண்டு. முன்னால் வருபவர்கள் தாராளமாக முகம் கழுவிப் போக, அதிக நேரம் வெயிலில் நடந்த கடைசி முப்பது பேருக்கு வெறும் கேன்கள் மிஞ்சுவது ஒன்று. பின்னால் வருவோருக்கான பங்கைத் தொடக்கத்திலேயே தனியாக எடுத்து வைத்துவிட்டால் இது தீரும். மற்றது, சோர்ந்து வரும் எல்லோரையும் "நிறையக் குடியுங்கள்" என்று வற்புறுத்துவது. அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து, தலைவலி, குமட்டல், குழப்பம் எனத் தொடங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களிடம் இரத்தம் பெற்று ஆய்வு செய்ததில், 488 பேரில் 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது 2005-இல் வெளியான கட்டுரையில் பதிவாகியுள்ளது. தாகத்துக்கு ஏற்பக் குடிக்கச் சொல்வதும், உப்புள்ள உணவை மேசையில் வைப்பதும் போதும்.

வானிலை மோசமானால் என்ன செய்வது என்பதை வானிலை மோசமானபின் யோசிப்பது எல்லாவற்றிலும் கொடிய தவறு. 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த 100 கிலோமீட்டர் மலைப்பாதை ஓட்டத்தில், திடீரென வீசிய குளிர்காற்றிலும் மழையிலும் சிக்கி 21 பேர் இறந்தார்கள். காற்றைத் தடுக்கும் மேலாடை அங்கே கட்டாயப் பொருளாக இருக்கவில்லை. வாகனம் போக முடியாத ஏற்றப் பகுதியில் அவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அது ஓட்டப் போட்டிதான், ஆனாலும் நடை நடத்துவோருக்கும் அதில் பாடம் இருக்கிறது. நெதர்லாந்தில் 1909 முதல் நடந்துவரும் நைமேகன் நான்கு நாள் நடையில், 2006-இல் முதல் நாள் வெப்பத்தில் இருவர் இறந்ததையடுத்து எஞ்சிய நாட்களை ரத்து செய்தார்கள். எந்த வெப்பநிலையில், எந்தக் காற்று வேகத்தில் நிறுத்துவது, யார் சொன்னால் நிறுத்துவது, நிறுத்தினால் பாதையில் இருப்பவர்களை எந்த வழியாக இறக்குவது என்பவற்றை அமைதியான நாளில் எழுதி வைத்திருக்க வேண்டும். அந்த முடிவை எடுக்க வேண்டியவர் வண்டியில் தண்ணீர் கேன் ஏற்றிக்கொண்டிருந்தால் முடிவு தாமதமாகும். எனவே, தலைமை ஏற்பாட்டாளர் தனக்கென்று எந்த வேலையும் வைத்துக்கொள்ளாமல் தொலைபேசியருகே இருக்க வேண்டும். தொலைபேசிச் சிக்னல் கிடைக்காத செக்பாயிண்ட்டுகளை முன்பே சோதித்துப் பார்த்து, அங்கே வாக்கிடாக்கி தேவையா என்று தீர்மானிக்க வேண்டும்.

கடைசி நடையாளருக்குப் பின்னால் வருவதற்கு எப்போதும் இருவர் வேண்டும். ஒருவருக்கு உடல்நிலை சரியில்லாமல் போனால், ஒருவர் அவரோடு தங்க, மற்றவர் உதவிக்குச் செல்லலாம். இவர்கள் ஒரு செக்பாயிண்ட்டைத் தாண்டிய பிறகே அது மூடப்பட வேண்டும். அதற்கு முன் அங்கே வந்த எண்களையும் முந்தைய செக்பாயிண்ட்டில் கிளம்பிய எண்களையும் ஒப்பிட்டு, குறையும் ஒவ்வோர் எண்ணுக்கும் விளக்கம் கிடைத்தாக வேண்டும். களைத்த தன்னார்வலர்கள் மேசையை மடிக்கத் தொடங்கும் அந்தக் கால் மணி நேரத்தில்தான் இந்த ஒப்பீடு விட்டுப்போகிறது. நடை முடிந்த ஒரு வாரத்துக்குள், ஒவ்வொரு செக்பாயிண்ட்டிலும் நின்றவர்களைக் கூப்பிட்டு, எந்த நேரத்தில் கூட்டம் சேர்ந்தது, எது தீர்ந்துபோனது, எந்த எண் ஏன் விடுபட்டது என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு மாதம் கழித்துக் கேட்டால் எல்லோரும் "நன்றாகத்தான் போயிற்று" என்பதற்கு மேல் சொல்ல மாட்டார்கள்.