அலசிக் காயப்போட்ட சட்டை

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். வரப்புத் தகராறில் மகனுக்குத் தோளில் வெட்டு. வழக்குக் கட்டைப் புரட்டிவிட்டு, "அன்னைக்குப் போட்டிருந்த சட்டை எங்கம்மா?" என்று கேட்டேன். "ஒரே ரத்தமா இருந்துச்சுங்க சார். பாக்க மனசு கேக்கல, அலசிக் காயப்போட்டுட்டேன்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியுமா? எந்தத் தாயும் செய்வதுதான். ஆனால், தர்மபுரி நீதிமன்றத்தில் இத்தனை வருடம் பார்த்ததில் சொல்கிறேன்: தடயம் ஆய்வகத்தில் கெடுவது குறைவு. அங்கே போய்ச் சேருமுன்தான் கெடுகிறது.

முதல் தவறு துவைப்பது. துவைத்துவிட்டாலும் தூக்கிப் போடாதீர்கள். தையல் மடிப்பில் கறை மிச்சமிருக்கலாம். கத்தி இறங்கிய கிழிசல் எப்படியும் இருக்கும். அது காயத்தோடு பொருந்துகிறதா என்பதே வழக்கில் ஒரு கேள்விதான்.

துவைக்காமல் பத்திரப்படுத்துகிறவர்கள் வேறு விதமாகக் கெடுப்பார்கள். ஜவுளிக்கடை கேரிபேக்கில் திணித்து இறுக்கி முடிச்சு. உள்ளே ஈரம் நிற்கும், பூஞ்சை பிடிக்கும், கிருமிகள் டி.என்.ஏ.வைத் தின்றுவிடும். வெயிலிலும் காயப்போடக் கூடாது, அதுவும் டி.என்.ஏ.வைச் சிதைக்கும். நிழலில் உலரவிட்டு, ஒவ்வொரு துணியையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு, சீக்கிரம் விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள். வக்கீலிடம் அல்ல.

பாலியல் வன்முறை வழக்குகளிலும் குளிப்பதற்கு முன் மருத்துவமனைக்குப் போவது நல்லது. குளித்துவிட்டால் எல்லாம் போயிற்று என்று வீட்டில் உட்கார்ந்துவிடுவது அதைவிடப் பெரிய தவறு. வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் புகுந்து பெண்களைச் சீரழித்த நம் மாவட்டத்து மலையடிவார ஊர் வாச்சாத்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். கொடுமை நடந்தது 1992 ஜூனில், வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போனது 1995இல். அதற்குள் உடலிலோ துணியிலோ என்ன மிஞ்சியிருக்கும்? ஆனாலும் 2011இல் தர்மபுரி அமர்வு நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்டவர்களில் அப்போது உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்த வழக்கைத் தூக்கி நிறுத்தியது அந்த ஊர்ப் பெண்களின் சாட்சியம்.

சாவில் சந்தேகம் இருந்தால் எரிக்க அவசரப்படாதீர்கள். புதைத்த உடலைத் தோண்டியாவது எடுக்கலாம். சாம்பலிடம் என்ன கேட்பது?

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காட்டோரத்து வழக்குகளில் இன்னொரு தவறான நம்பிக்கை உண்டு. சினிமா பார்த்துவிட்டு, "குண்டு கிடைச்சிருக்கே, எந்தத் துப்பாக்கின்னு சொல்லிடுவாங்கல்ல?" என்று கேட்பார்கள். நாட்டுத் துப்பாக்கியில் அது நடக்காது. ரைபிள் குழலுக்குள் முறுக்குப் பள்ளங்கள் இருக்கும், அவை குண்டில் கோடு போடும். நாட்டுத் துப்பாக்கியின் குழல் உள்ளே வழுவழு. அதிலிருந்து சிதறும் ரவையில் அப்படிக் கோடு விழாது. அப்போது பேசுவது வேறு பொருள்கள்: ரவை எவ்வளவு அகலத்துக்குச் சிதறியிருக்கிறது, துளையைச் சுற்றிக் கருமருந்துப் புகை படிந்திருக்கிறதா, அடைப்பாகத் திணித்த துணியோ நாரோ கிடைத்ததா. எவ்வளவு தூரத்திலிருந்து சுட்டார்கள் என்பதை இவற்றை வைத்துத்தான் கணிப்பார்கள். புகை படிவதும் சட்டையில்தான். அதையும் அலசிவிட்டால்?

கேமரா பதிவுக்கு வருவோம். கடைகளில் பழைய பதிவின் மேலேயே புதிய பதிவு ஏறிவிடும், சில இடங்களில் 15 நாளிலேயே. அதனால் உடனே போலீசிடம் எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த வீடியோ மூலப்பதிவு ஆகாது. எடுத்த போனை ஃபார்மட் செய்யாமல் வைத்திருங்கள். பதிவின் நகலைக் கோர்ட்டில் தாக்கல் செய்ய பாரதிய சாட்சிய சட்டம் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும், ஹாஷ் மதிப்போடு (பதிவு மாற்றப்படவில்லை என்று காட்டும், கைரேகை போன்ற ஓர் எண்). வழக்கு விசாரணைக்கு வந்தபின் இதைத் தேடி அலையும் ஆட்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

எல்லாவற்றையும் ஒழுங்காகக் கொடுத்தபின்னும் ஒரு கண்டம் இருக்கிறது. டில்லி சாவ்லா பகுதிப் பெண்ணின் பாலியல் வன்முறை, கொலை வழக்கில் 2012 பிப்ரவரி 14, 16 தேதிகளில் எடுத்த மாதிரிகள் 27ஆம் தேதி வரை காவல் நிலையத்திலேயே கிடந்தன. இடையில் யாரும் கைவைத்திருக்க முடியாது என்று சொல்வதற்கில்லை என்றது உச்ச நீதிமன்றம். 2022இல் தூக்குத் தண்டனைக் கைதிகள் மூவரும் விடுதலை. நம் தேனி சுருளி அருவி இரட்டைக் கொலையிலும் 2025 ஜூலையில் அதே கதை. டி.என்.ஏ. அறிக்கை இருந்தும், மாதிரிகள் யார் யார் கையில் இருந்தன என்ற கணக்குச் சரியில்லை. அந்தத் தீர்ப்பில்தான், டி.என்.ஏ. மாதிரி 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர விசாரணை அதிகாரி பொறுப்பு, கைமாறும் ஒவ்வொரு தடவையும் பதிவேட்டில் ஏற வேண்டும் என்று நாடு முழுவதற்கும் உத்தரவு போட்டார்கள்.

ஆகவே போலீஸ் பொருளைக் கைப்பற்றும்போது எழுதும் மகஜரில் கையெழுத்துப் போடுமுன் படியுங்கள். "சட்டை ஒன்று" என்று மட்டும் இருந்தால் நிறம், கறை, கிழிசல் எந்தப் பக்கம் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். முத்திரை வைத்ததைக் கண்ணால் பாருங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம், கேட்பவர் ஊர்ப் பெரியவராகவே இருந்தாலும்.

அந்த அம்மாவிடம், சட்டையை அப்படியே இன்ஸ்பெக்டரிடம் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லி அனுப்பினேன். மறுநாள் போன் வந்தது. "குடுத்துட்டேங்க சார். கந்தலாக் குடுக்க வேணாமேன்னு தோள்ல இருந்த கிழிசல மட்டும் தெச்சுக் குடுத்தேன்."