வெள்ளம் வடிந்த மறுநாளே பில் போட: சிறு கடைக்கு ஒரு மீட்புத் திட்டம்

2016 மே வெள்ளத்தில், கொழும்பை ஒட்டிய வெல்லம்பிட்டியில் இருந்த எங்கள் களஞ்சியத்துக்குள் தண்ணீர் புகுந்தது. கணக்குக் கொம்பியூட்டர் மேசைக்கடியில் இருந்தது. பேக்கப், அதாவது கணக்கின் மாற்றுப் பிரதி, புறக்கோட்டைக் கடையில் பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் அதைத் திறக்கும் கடவுச்சொல்லை நனைந்த கொம்பியூட்டரிலேயே எழுதி வைத்திருந்தோம். கடன் பாக்கி முழுவதையும் கை பில்களைப் பார்த்துத் திரும்ப எழுத வேண்டி வந்தது. உங்களுக்கு அந்த நிலை வரக்கூடாது.

படி 1: எது முதலில் வேண்டும்?

ஒரு தாளில் எழுதுங்கள். எங்களுக்குக் கடன் பாக்கி, சரக்கிருப்பு, சம்பளம் என்ற வரிசை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இரண்டு கணக்கு: அது இல்லாமல் எத்தனை மணி நேரம் சமாளிக்கலாம், எத்தனை மணி நேரப் பதிவு தொலைந்தால் தாங்கலாம். முன்னதை ஆர்.டி.ஓ என்றும் பின்னதை ஆர்.பி.ஓ என்றும் சொல்வார்கள். கடன் பாக்கியில் ஒரு நாள் பதிவுக்கு மேல் எங்களால் இழக்க முடியாது. அதனால் தினமும் மாலை பேக்கப்.

படி 2: மூன்று பிரதி

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். வெல்லம்பிட்டிக்குக் கொலன்னாவை வேறு இடம் ஆகாது, இரண்டும் ஒரே வெள்ளத்தில் மூழ்கும். எங்கள் மூன்றாவது பிரதி இணையத்தில். பேக்கப் எடுக்கும் வெளி ஹார்ட் டிஸ்க்கை வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். செருகியே இருந்தால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் அதையும் பூட்டிவிடும். பேக்கப் மென்பொருளில் என் தேர்வு ரெஸ்டிக்: இலவசம், தரவைக் கடவுச்சொல்லால் பூட்டியே வைக்கும், ஆனால் கட்டளை தட்டித்தான் இயக்க வேண்டும். அதற்குப் பயமென்றால் டுப்ளிகாட்டி.

படி 3: மீட்டுப் பாருங்கள்

இதைத் தவிர்க்கவே கூடாது. கடைக்குச் சம்பந்தமில்லாத ஒரு மடிக்கணினியை இரவல் வாங்குங்கள். பழைய கொம்பியூட்டரைத் தொடாமல், பேக்கப்பிலிருந்து ஒரு வாடிக்கையாளரின் பாக்கியைத் திரையில் கொண்டுவாருங்கள். எது தடுக்கிறதோ அதுதான் உங்கள் ஓட்டை. கடவுச்சொல்லா, கணக்கு மென்பொருளின் லைசென்ஸா, பழைய பதிப்பா? ரெஸ்டிக்கில் கடவுச்சொல் தொலைந்தால் தரவும் போனதுதான், வேறு வழியே கிடையாது. நான் அதைத் தாளில் எழுதி, ஒன்றை வெள்ளவத்தையில் அக்கா வீட்டிலும் ஒன்றை வங்கிப் பெட்டகத்திலும் வைத்திருக்கிறேன். இந்த மீட்புச் சோதனையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்கிறோம்.

படி 4: மின்சாரமும் தண்ணீரும்

2022 மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டைப் பார்த்தோம். அதற்கு யு.பி.எஸ் போதாது. அது கொம்பியூட்டரை ஒழுங்காக நிறுத்தத்தான். அப்புறம் கை பில் புத்தகம் கட்டாயம் இருக்கட்டும்.

கொழும்பில் மழை விட்டதும் நிம்மதியாகிவிடாதீர்கள். கித்துல்கல, தெரணியகல பக்கம் பெய்த மழை களனி ஆற்றில் இறங்கிவர நேரமெடுக்கும். நீர்ப்பாசனத் திணைக்களத்தின் எச்சரிக்கை வந்ததும் யார் கொம்பியூட்டரை மேல்மாடிக்குத் தூக்குவது என்பதைப் பெயரோடு எழுதி ஒட்டுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐயும் பக்கத்தில் எழுதுங்கள்.

பின்சேர்க்கை: ஒரு வாசகருக்கு மீட்டுப் பார்க்கும்போது இணையக் கணக்கு ஓ.டி.பி கேட்டிருக்கிறது. அது போகும் போன் முதலாளியிடம், அவர் யாழ்ப்பாணத்தில். போன் இல்லாமலே உள்ளே நுழைய உதவும் கணக்கின் மீட்புக் குறியீடுகளையும் அச்செடுத்து, கடவுச்சொல் தாளோடு சேர்த்து வையுங்கள்.