வெயிலை ஜன்னலுக்கு வெளியே நிறுத்துங்கள்: நிழல் மறைப்புகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சித்திரை பிறந்ததும் தமிழ்நாட்டு ஊர்களில் எல்லாம் ஒரே வேலை தொடங்கிவிடுகிறது. மொட்டைமாடியில் பச்சை வலை ஏறுகிறது, பால்கனியில் மூங்கில் தட்டி தொங்குகிறது, ஜன்னல்களுக்குக் கனத்த திரைச்சீலை வருகிறது. இத்தனையும் செய்த பிறகும் இரவு பத்து மணிக்குப் படுக்கையறை அனலாகவே இருந்தால், குறை பெரும்பாலும் வாங்கிய பொருளில் இல்லை. எந்தத் திசை வெயில், எந்த நேரத்து வெயில், சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி மறைப்பது என்று பார்க்காமல் கட்டியதில்தான் இருக்கிறது. ஏசி வாங்க வழியில்லாமல் மேல்தளத்தில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு இது வெறும் வசதி பற்றிய பேச்சு அல்ல. வீட்டில் கைக்குழந்தையோ வயதானவர்களோ இருந்தால் இரவுத் தூக்கமே இதைப் பொறுத்திருக்கிறது.

எல்லாவற்றுக்கும் முதல் தவறு, வெயிலை உள்ளே வரவிட்டுப் பிறகு மறைப்பது. சாதாரணத் தெளிந்த கண்ணாடியில் நேராக விழும் வெயில் வெப்பத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு அறைக்குள் வந்துவிடும். உள்ளே தொங்கும் திரை அதை வாங்கிக்கொண்டு தானும் சூடாகிறது. அந்தச் சூட்டில் பெரும்பகுதி வெளியே திரும்பிப் போவதில்லை. வெயிலின் ஒளியை எளிதாக உள்ளே விடும் கண்ணாடி, சூடான பொருளிலிருந்து கிளம்பும் வெப்பக் கதிரை அப்படியே வெளியே விடுவதில்லை. ஆகவே திரை கண் கூசாமல் காக்கும், சோபாத் துணி வெளுக்காமல் காக்கும், ஆனால் அறையைக் குளிரவைக்காது. அதே துணியை ஜன்னலுக்கு வெளியே கட்டினால், அது வாங்கும் சூட்டை வெளிக்காற்று கொண்டுபோய்விடும். கையில் இருக்கும் பணத்தில் நல்ல திரைச்சீலையா, வெளியே ஒரு எளிய தட்டியா என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால், தயங்காமல் தட்டியை வாங்குங்கள்.

திசையைப் படித்ததை நம்பி முடிவு செய்வது

"தெற்கு ஜன்னலுக்குத்தான் மறைப்பு முக்கியம்" என்ற அறிவுரையை இணையத்தில் எங்கும் பார்க்கலாம். அது ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் பொருந்தும். டெல்லிக்கும் ஓரளவு பொருந்தும். அங்கெல்லாம் நடுப்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கே சாய்ந்துதான் நிற்கும். தமிழ்நாடு இருப்பது ஏறத்தாழ 8 முதல் 13.5 பாகை வடக்கு அட்சரேகைக்குள். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் உச்சந்தலைக்கு மேலே வருகிறது, அதன்பின் வடக்கே நகர்கிறது, ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில்தான் மீண்டும் உச்சியைக் கடந்து தெற்கே போகிறது. மதுரையில் இந்த வடக்குக் காலம் இன்னும் நீளம்: ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் இறுதி வாரம் வரை.

இதன் பொருள் என்ன? அக்கினி நட்சத்திரம் சித்திரை 21 முதல் வைகாசி 14 வரை, அதாவது மே 4 வாக்கில் தொடங்கி மே 28 வாக்கில் முடிகிறது. ஆண்டின் மிகக் கொடிய அந்த நாள்களில் நம் தெற்குச் சுவரில் நடுப்பகல் வெயில் நேராக விழுவதே இல்லை. "நம் வீட்டில் வடக்குப் பக்கம் குளிர்ச்சி" என்று நம்பி விட்டுவிடும் வடக்குச் சுவரில்தான் விழுகிறது. பதற வேண்டியதில்லை, சூரியன் கிட்டத்தட்டத் தலைக்கு மேலே நிற்பதால், வடக்கு ஜன்னலுக்கு மேல் ஓர் அடி சன்ஷேட் இருந்தாலே நடுப்பகல் வெயில் நின்றுவிடும். தொல்லை மாலையில்தான். ஜூனில் சென்னையில் சூரியன் நேர் மேற்கிலிருந்து 24 பாகை வடக்கே தள்ளி மறைகிறது. அந்தச் சாய்ந்த வெயில் வடக்கு ஜன்னலுக்குள் பக்கவாட்டில் நுழையும். அதற்கு மேலே எதைக் கட்டினாலும் பயனில்லை. ஜன்னலின் மேற்கு ஓரத்தில் நெட்டாக ஒரு தடுப்பு வேண்டும். சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் ஒரு மூங்கில் தட்டி போதும்.

தெற்குச் சுவரில் வெயில் வலுவாக அடிப்பது ஐப்பசி முதல் மாசி வரை. டிசம்பரில்கூடச் சென்னையின் நடுப்பகல் சூரியன் 53 பாகை உயரத்தில் நிற்பதால், இரண்டடி சன்ஷேட் நான்கடி ஜன்னலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை மறைத்துவிடும். கோடைக்காகத் தெற்கில் பெரும் செலவு செய்வது வீண்.

பணத்தையும் கவனத்தையும் கேட்கும் பக்கம் மேற்கு.

மேற்கு வெயிலை மேலிருந்து மறைக்க நினைப்பது

நம் வீடுகளில் கொத்தனார் நான்கு திசைக்கும் ஒரே அளவில் சன்ஷேட் போட்டுவிடுகிறார்: ஒன்றரை அடி அல்லது இரண்டடி. மே மாதம் மாலை நான்கு மணிக்குச் சென்னையில் சூரியன் தரையிலிருந்து ஏறத்தாழ 34 பாகை உயரத்தில் இருக்கிறது. அந்தச் சாய்வில், இரண்டடி சன்ஷேட்டின் நிழல் மேற்கு ஜன்னலில் ஒன்றேகால் அடிக்குச் சற்று மேல்தான் இறங்கும். நான்கடி ஜன்னலில் மிச்சம் இரண்டே முக்கால் அடி வெயிலில் கிடக்கும். ஐந்து மணிக்கு அந்த நிழலும் முக்கால் அடியாகச் சுருங்கிவிடும். மேலிருந்தே முழுவதும் மறைக்க வேண்டுமானால் நான்கு மணி வெயிலுக்கே ஆறடி நீளம் வேண்டும். அது சன்ஷேட் அல்ல, தாழ்வாரம்.

பழைய வீடுகளில் ஓட்டுச் சார்ப்பு இறக்கிய தாழ்வாரமும் திண்ணையும் செய்த வேலை அதுதான். அதற்கு இடமிருந்தால் அதைவிட நல்ல வழி இல்லை. இடமில்லாத வீட்டில் மேற்கே நெட்டாகத் தொங்கும் மறைப்பு ஒன்றே வழி: மூங்கில் தட்டி, கோரைப்பாய், ஷேடு நெட், சாய்வுப் பலகைகள் வைத்த மரச் சட்டம், எது கைக்கு எட்டுகிறதோ அது. சன்ஷேட்டின் வெளி விளிம்பிலிருந்தே அதைத் தொங்கவிட்டால் சுவருக்கும் தட்டிக்கும் இடையில் தானாகவே இடைவெளி கிடைத்துவிடும்.

இங்கே இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். ஜன்னலை மட்டும் மறைத்துவிட்டுச் சுவரை வெயிலில் விடுகிறோம். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் வாங்கும் வெப்பம் உட்பக்கம் வந்துசேர ஏறத்தாழ ஆறேழு மணி நேரம் ஆகும். பிற்பகல் மூன்று, நான்கு மணிக்கு மேற்குச் சுவரில் அடித்த வெயில், இரவு நாம் பாயை விரிக்கும் நேரத்தில் சுவரின் உட்பக்கம் வந்து நிற்கிறது. கட்டிலின் தலைமாடு அந்தச் சுவரை ஒட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். ஆகவே மேற்குப் படுக்கையறையில் ஜன்னல் அகலத்துக்கு மட்டும் தட்டி வாங்காமல், முடிந்தவரை சுவரின் முழு அகலத்துக்கும் வலையோ கொடியோ வரும்படி பாருங்கள்.

கொடி விடுவதிலும் காலக்கணக்கு உண்டு. ஆடிப்பட்டத்தில் விதைத்த அவரை, மாசி பங்குனிக்குள் காய்த்து ஓய்ந்துவிடும். சித்திரை வெயிலுக்கு வெறும் கயிறுதான் மிஞ்சும். கோடையிலும் இலை நிற்கும் ரங்கூன் மல்லி, கோவை போன்ற பல்லாண்டுக் கொடிகள் இதற்கு ஏற்றவை. சுவரில் நேராகப் படரவிடாமல் அரையடி தள்ளிக் கம்பி வலை கட்டி அதில் ஏற்றினால் சுவரில் ஈரமும் பூச்சியும் ஏறாது.

காற்றை அடைத்துவிடுவது

மறைப்புச் சுவரைத் தொட்டால் அது வாங்கிய சூடு அப்படியே சுவருக்குப் போகும். மேல் விளிம்பைச் சுவரோடு இறுக்கி மூடினால், இடையில் சூடான காற்று மேலே எழுந்து வெளியேற முடியாமல் ஜன்னலுக்கு முன்னால் தேங்கும். இந்த இரண்டையும்தான் எங்கும் பார்க்கிறேன். குறைந்தது அரையடி இடைவெளி, மேலும் கீழும் திறப்பு: இவை இல்லாத மறைப்பு பாதி வேலைதான் செய்யும்.

புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கோண்ட் விடுதியை வெளியிலிருந்தாவது ஒருமுறை பார்க்க வேண்டும். கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்ட் வடிவமைக்க, 1930களின் பிற்பகுதியில் கட்டத் தொடங்கியது. அதன் நீண்ட முகங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கின்றன. கண்ணாடி ஜன்னலுக்குப் பதிலாக முகம் முழுவதும் திருப்பக்கூடிய கிடைச் சாய்வுப் பலகைகள். வெயில் நிற்கும், காற்று நுழையும். கூரையும் அப்படித்தான்: கான்கிரீட் தளத்துக்கு மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகள், இடையில் காற்று ஓடும் இடைவெளி. அந்தக் காலத்தில் பலகைகளுக்கு அஸ்பெஸ்டாஸ் சிமென்ட்டைப் பயன்படுத்தினார்கள். இன்று அதைத் தொடக் கூடாது, மரமோ அலுமினியமோ போதும். எடுத்துக்கொள்ள வேண்டியது பொருளை அல்ல, வெயிலையும் காற்றையும் தனித்தனியாக நினைத்துப் பார்த்த அந்த அறிவை.

ஊருக்கு ஊர் காற்றின் கணக்கு மாறும். சென்னையில் பிற்பகல் வெயில் மேற்கிலிருந்து வருகிறது, கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வருகிறது. ஆகவே மேற்கைக் கெட்டியாக மறைத்துக் கிழக்கைத் திறந்துவிடலாம். காலை வெயிலுக்கு இறக்கிய கிழக்குத் தட்டியை மதியமும் அப்படியே விட்டுவிட்டால் கடற்காற்றை நாமே அடைத்தவர்கள் ஆவோம். கோயம்புத்தூரில் நிலை வேறு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்தே வீசுகிறது. வெயிலும் காற்றும் ஒரே பக்கம். தென்காசி, செங்கோட்டைப் பக்கமும் இதே கதை. அங்கே மேற்கில் தார்ப்பாய் கட்டுவது பெரும் பிழை. காற்றும் வராது, காற்றடித்தால் கயிறோடு கொக்கியையும் பெயர்த்துக்கொண்டு போகும். வலையோ சாய்வுப் பலகையோதான் அந்த ஊர்களுக்குச் சரி.

ஷேடு நெட் வாங்கும்போது 50, 75, 90 என்று விழுக்காடு சொல்வார்கள். அது வலை மறைக்கும் வெயிலின் அளவு. 90 வாங்கினால் நல்லது என்று நினைப்பது இயல்பு. ஜன்னலுக்கு முன்னால் 90 கட்டினால் அறை இருண்டு பகலிலேயே விளக்குப் போட வேண்டிவரும், காற்றும் குறையும். ஜன்னலுக்கு 75, மொட்டைமாடிக்கு 90 என்று பிரித்துக்கொள்ளலாம். புற ஊதாக் கதிரைத் தாங்கும்படி செய்த வலைதானா என்று கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் சீக்கிரமே பொடிந்து வீடெங்கும் பிளாஸ்டிக் நார் உதிரும்.

மேல்தளத்தில் ஜன்னலோடு நின்றுவிடுவது

சூரியன் உச்சியில் நிற்கும் மாதங்களில் மிக அதிக வெயிலை வாங்குவது கூரைதான். மேல்தள வீட்டில் எல்லா ஜன்னலுக்கும் தட்டி போட்டுவிட்டு மொட்டைமாடியை விட்டுவிட்டால் பலன் கொஞ்சம்தான். வலையைத் தரையில் விரிப்பதும் பயன் தராது. ஆள் நடமாடும் உயரத்தில், நான்கு பக்கமும் திறந்த பந்தலாகக் கட்ட வேண்டும். தகர ஷீட் போடுகிறவர்கள் பலர் பக்கங்களையும் அடைத்துவிடுகிறார்கள். வெயிலில் காய்ந்த தகரம் கீழே தளத்தின் மேல் வெப்பத்தை வீசிக்கொண்டே இருக்கும், அடைபட்ட காற்றும் சூடேறும். உயரமான பக்கமாவது திறந்திருக்கட்டும். ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் ஷீட்டை நிழலுக்காகப் போடவே வேண்டாம். அது மழைக்கு மட்டுமே உதவும். பந்தலுக்கு வசதியில்லை என்றால் தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்போ வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பெயின்ட்டோ அடியுங்கள். செலவு குறைவு, பலன் உடனே தெரியும்.

தட்டியில் தண்ணீர் தெளிப்பது பற்றி ஒரு சொல். வெட்டிவேர் தட்டி வேலூர், திருச்சி, மதுரையின் உலர்ந்த வெயிலில் அருமையாக வேலை செய்யும். கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் மிகுதி என்பதால் தண்ணீர் எளிதில் ஆவியாகாது, அறையில் புழுக்கம்தான் கூடும். மூங்கில் தட்டியைத் தினமும் நனைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

கட்டிவிட்டு மறந்துவிடுவது

அறை சூடான பிறகு தட்டியை இறக்குவதில் பொருளில்லை. கிழக்குத் தட்டி விடிந்ததும் இறங்க வேண்டும், பதினோரு மணிக்கு மேல் ஏறலாம். மேற்குத் தட்டி பன்னிரண்டரைக்கெல்லாம் இறங்கிவிட வேண்டும். பொழுது சாய்ந்ததும் எல்லாவற்றையும் சுருட்டி, ஜன்னலைத் திறந்துவிடுங்கள்; சுவர் தன் சூட்டை வானத்துக்குக் கொடுக்க வழி வேண்டும். உள்மாவட்டங்களில் நடுப்பகலில் வெளிக்காற்றே வீட்டுக் காற்றைவிடச் சூடாக இருக்கும். அப்போது தட்டியோடு ஜன்னலையும் சாத்திவைப்பது நல்லது.

ஏசி வைத்திருப்பவர்கள் வெளிப்பெட்டிக்கு நிழல் தருகிறோம் என்று அதைச் சுற்றி வலை போர்த்துகிறார்கள். அது வெளியே தள்ளும் அனல் காற்று திரும்ப அதற்குள்ளேயே போனால் மின்சாரம்தான் கூடுதலாகும். நிழல் மேலே இருக்கட்டும், முன்பக்கமும் பின்பக்கமும் திறந்திருக்க வேண்டும்.

காற்றையும் தீயையும் நான் எல்லாவற்றையும்விடக் கடுமையாகச் சொல்ல விரும்புகிறேன். கோடை மழைக்கு முன் வரும் சூறைக்காற்றில் நான்காம் மாடித் தட்டி கழன்று தெருவில் விழுந்தால் ஓர் உயிர் போகலாம். மேல் கொக்கிகளை மட்டும் நம்பாமல் கீழ் முனைகளையும் கட்டுங்கள். வலையின் ஓரத்தை இரண்டாக மடித்துத் தைத்து, உலோக வளையம் வைத்துக் கயிறு கோக்க வேண்டும். துணியைத் துளைத்து நேராகக் கட்டிய கயிறு முதல் காற்றிலேயே கிழித்துவிடும். கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டருக்குள் இருந்தால் சாதாரண இரும்புக் கொக்கி துருப்பிடித்து அறும், துருப்பிடிக்காத எஃகே வேண்டும். அடுக்குமாடியில் வெளிச்சுவரில் துளை போடுவதற்கு முன் சங்கத்திடமும், வாடகை வீட்டில் வீட்டுக்காரரிடமும் கேட்டுவிடுங்கள்.

கீற்றும் மூங்கிலும் எளிதில் எரியும், ஷேடு நெட் உருகி எரிந்து சொட்டும். சமையலறைப் புகைபோக்கியின் வாய்க்கு அருகில் இவை எதுவும் இருக்கக் கூடாது. தீபாவளி ராக்கெட் ஒன்று மொட்டைமாடிப் பந்தலில் விழுந்தால் போதும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழையும் புயலும் வரும் காலம் என்பதால், தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே வலையையும் தட்டியையும் அவிழ்த்து, தூசி தட்டி, உலர்த்திச் சுருட்டிவையுங்கள். மாசிக் கடைசியில் எடுத்துப் பார்த்து, நைந்த கயிற்றை மாற்றி மறுபடி கட்டலாம்.