காசியில் முதல் மாலை: இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

போன மாதம் காசியின் கோதோலியா சந்திப்பில் ஒரு தமிழ்க் குடும்பத்தைப் பார்த்தேன். ரயிலை விட்டு இறங்கிய களைப்பு எல்லோர் முகத்திலும் இருந்தது. மூச்சு வாங்க நின்ற தாயின் கையைப் பிடித்து, "சீக்கிரம் வா அம்மா, ஆரத்தி தொடங்கிவிடும்" என்று மகன் இழுத்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் என் அம்மாவை இழுத்துக்கொண்டு போன அதே தெரு. அதன் பிறகு எத்தனையோ குழுக்களைக் காசிக்கு அழைத்துப் போய்விட்டேன். இந்தக் காட்சி மட்டும் மாறவே இல்லை. பணப்பை பத்திரம், வாடகையைப் பேசிவிட்டு ஏறுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

முதல் மாலையிலேயே ஆரத்தி

தசாசுவமேத கட்டத்தில் (கட்டம் என்றால் படித்துறை) கங்கை ஆரத்தி தினமும் நடக்கிறது. இன்று விட்டால் நாளை பார்க்கலாம். இது தெரிந்தும் முதல் நாளே ஏன் ஓடுகிறார்கள் என்று எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

நானும் ஓடினேன். சென்னையிலிருந்து ஒன்றரை நாள் ரயில். விடுதியில் பெட்டியைப் போட்டுவிட்டு, அம்மா முகம் கழுவி முடிப்பதற்குள் ஆட்டோ பிடித்துவிட்டேன். கோதோலியாவுக்கு மேல் நடைதான். படிகளில் கால் வைக்க இடமில்லை. முன்வரிசையில் உட்கார வைப்பதாகச் சொன்ன ஒருவரிடம் 1,200 ரூபாய் கொடுத்தேன். அவர் காட்டிய இடம், கரையோரம் நெருக்கிக் கட்டியிருந்த படகுகளில் நான்காவது. ஒவ்வொரு படகாகத் தாண்டும்போது அம்மாவின் விரல்கள் என் முழங்கையில் பதிந்தன. முன்னால் நின்ற தலைகளுக்கு மேலே அடுக்கு தீபத்தின் உச்சிச் சுடர் மட்டும் தெரிந்தது. சங்கு ஊதும்போது அம்மா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். காசியைப் பார்க்க நாற்பது ஆண்டுகள் காத்திருந்தவர். மறுநாள் காய்ச்சல். விசுவநாதர் தரிசனம் ஊர் திரும்பும் நாளுக்குத் தள்ளிப்போய், அதையும் அவசரத்தில் முடித்தோம். பணம் போனது எனக்குப் பெரிதில்லை.

காய்ச்சல் விட்ட மாலை கேதார கட்டத்துக்குப் போனோம். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த படிகள், மேலே கேதாரேசுவரர் கோயில், அருகிலேயே குமரகுருபரர் வழிவந்த மடம். காசியின் படித்துறைகள் மேற்குக் கரையில் கிழக்குப் பார்த்து இருப்பதால், சாயங்காலம் கட்டடங்களின் நிழல் படிகளில் விழுந்துவிடும். அம்மா ஈரமில்லாத ஒரு படியைத் தேடி உட்கார்ந்தார். மண் குவளையில் தேநீர். பேச்சே இல்லை. வெகுநேரம் கழித்து, "முதல் நாளே இங்கே வந்திருக்கலாமே" என்றார்.

இப்போது என் குழுவினரை முதல் மாலையில் அங்கேதான் உட்கார வைக்கிறேன். நடக்கத் தெம்பு உள்ளவர்களை மட்டும் பக்கத்தில் அனுமன் கட்டத்துச் சந்துகளுக்கு அழைத்துப் போவேன். பாரதி இளம்வயதில் அத்தை வீட்டில் தங்கிப் படித்த இடம் அது.

படகு

விடியற்காலையில் ஏறுங்கள். சூரியன் எதிர்க்கரையில்தான் உதிக்கிறது.

பட்டுப்புடவை

முதல் மாலை வாங்கப் போகவே வேண்டாம்.

விடுதியின் பெயரை மட்டும் தெரிந்துவைத்திருப்பது

பழைய நகரத்துச் சந்துகளில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தாலே ஒருவர் ஒதுங்க வேண்டும், கார் நுழையாது. இருட்டிய பிறகு எல்லாத் திருப்பமும் ஒன்றுபோலவே தெரியும். விடுதியின் பெயரைச் சொன்னால் நான்கு பேர் நான்கு திசை காட்டுவார்கள். எந்தக் கட்டத்துக்கு அருகில் என்பதைக் கேட்டு மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். வழி தவறினால் ஆற்றுக்கு இறங்கும் வழியைக் கேளுங்கள், கரையோரமாகவே நடந்து உங்கள் கட்டத்தில் மேலே ஏறுங்கள். ஆடி, ஆவணியில் வெள்ளம் வந்தால் கீழ்ப்படிகள் மூழ்கிவிடும். அந்த நாட்களில் விளக்கு எரியும் பெரிய தெரு வழியாக மட்டும் திரும்புங்கள்.